மக்காச்சோள சைலேஜ் பேல்: 14 மாதம் வாங்கிப் போட்ட அனுபவம் (பையில் ஓட்டை இருந்தால் ஆட்டுக்குப் போடாதீர்கள்)

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். கறவை 5, கன்றுகள் 3, வெள்ளாடு 18 இருந்தது, இப்போது 16. அந்த இரண்டு ஏன் குறைந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சைலேஜ் (பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் பையில் அமுக்கிப் புளிக்கவைத்தது, அந்தக் கட்டுதான் பேல்) வாங்கலாமா என்று கேட்கும் எல்லாருக்கும் புரதம் எத்தனை சதவீதம், பால் எத்தனை லிட்டர் கூடும் என்றுதான் பதில் கிடைக்கிறது. பை கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

போன வருடம் சித்திரையில் முதல் லோடு இறக்கினோம். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து பொடியாகிவிட்டது, சோளத்தட்டுப் போரும் தீரப் போகிறது, கிணற்றில் தண்ணீர் இருந்தது தென்னைக்கே சரியாக இருந்தது. 50 கிலோ பேல் ஒன்று 400 ரூபாய், லாரி வாடகை தனி. 40 பேல் எடுத்தால் எங்கள் 5 மாட்டுக்கு ஒரு மாதம் வரும், மாட்டுக்கு ஒரு நாளைக்கு 12 கிலோ கணக்கு. முதல் லோடு உண்மையிலேயே அருமை. பையைப் பிரித்ததும் புளித்த மோரும் கொஞ்சம் பழ வாசமும் கலந்த மாதிரி ஒரு மணம், நிறம் பச்சையும் மஞ்சளுமாக, கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி மெதுவாக உதிர்ந்தது, தண்ணீர் சொட்டவில்லை. மாடுகள் முதல் இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நின்றன. மூன்றாம் நாளிலிருந்து தொட்டியை நக்கி வைத்தன. 34 லிட்டராக இருந்த பால் மூன்று வாரத்தில் 39 ஆனது, சொசைட்டியில் கொழுப்பும் கொஞ்சம் ஏறியது. அதனால் சைலேஜே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இன்றைக்கும் எங்கள் கட்டுத்தரையில் சைலேஜ் இருக்கிறது.

பிரச்சினை ஐப்பசி லோடில். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம், லாரி ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வந்தது. இருட்டில் இறக்கினார்கள், சுமை தூக்குபவர்கள் மூட்டைக்குப் போடும் கொக்கியை அப்படியே பேலில் போட்டு இழுத்தார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் 40-ல் 11 பேலில் கிழிசல். சிலது கொக்கிக் கிழிசல், சிலது பழைய கிழிசல், எலி கடித்த மாதிரி ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது. கிழிசலைச் சுற்றி வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது, ஒரு பேலுக்குள் கை வைத்தால் சூடு. வாசமும் முன்பு மாதிரி இல்லை, கெட்டுப்போன நெய் நாற்றம். விற்றவருக்குப் போன் செய்தேன். "அக்கா, மேலாப்ல இருக்கறதை எடுத்து எறிஞ்சுட்டு உள்ளாற இருக்கறதைப் போடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். பேல் மாற்றித் தருவீர்களா என்றதற்கு இறக்கின பிறகு எடுக்க மாட்டோம் என்று பதில்.

நான் அவர் சொன்னபடியே செய்தேன். பூஞ்சை பிடித்ததை உரக்குழியில் போட்டுவிட்டு மீதியைத் தனியாக வைத்தேன். மாடு பால் கறக்கிறது, அதற்கு நல்ல பேல் இருக்கட்டும், ஆடு எதையும் தின்று செரித்துவிடும் என்று நினைத்து, கிழிந்த பேலில் மீந்ததை எல்லாம் ஆட்டுப்பட்டிக்குப் போட்டேன். மழையால் மேய்ச்சலுக்கும் விடவில்லை, அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அதுதான். இந்த ஒரு முடிவுதான் எங்களைக் கெடுத்தது. மாட்டை விட வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும்தான் இந்த விஷயத்தில் ஆபத்து அதிகம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மூன்றாவது வாரம் கருப்பி என்று நாங்கள் கூப்பிடும் ஆடு பட்டி மூலையில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே இழுத்து விட்டால் இடது பக்கமாகவே வட்டம் அடிக்கிறது. இடது காது தொங்கிவிட்டது, அந்தப் பக்கக் கண் இமை பாதி மூடியிருக்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, தாடைக்குள் மென்ற தீவனம் விழுங்காமல் அப்படியே அடைந்து கிடக்கிறது. தலையில் நீர்க்கட்டியாக இருக்கும் என்றார் மாமா. கருப்பியின் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றப் போனேன். நல்லவேளையாக அதற்குள் கால்நடை மருந்தக டாக்டர் வந்துவிட்டார்.

அவர் முதலில் கேட்டது, "ஏம்மா, நாய் ஏதாவது கடிச்சுதா?" வெறிநோய் வந்தாலும் எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, அதனால் இந்த மாதிரி நிற்கும் ஆட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது என்றார். கஞ்சியையும் நிறுத்தச் சொன்னார், தொண்டை வேலை செய்யாதபோது ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். நாய்க்கடி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்றார். கிழிந்த பேலைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. மூளையைத் தாக்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நோய் மாதிரித் தெரிகிறது என்றார். உறுதியாகச் சொல்ல மூளையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஆனால் ஒரு பக்கக் காது தொங்குவது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, கெட்ட சைலேஜ் தின்றது எல்லாம் சேர்ந்து வரும்போது காத்திருக்க நேரம் இல்லை என்று உடனே மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார். கருப்பி அடுத்த நாள் சாயங்காலம் செத்தது. அதே வாரத்தில் சினையாக இருந்த ஒரு ஆடு நாள் ஆகும் முன்பே இரண்டு செத்த குட்டி போட்டது, நான்கு நாள் கழித்து அதுவும் போய்விட்டது. மூன்றாவதாக ஒரு பெட்டை தலையைச் சாய்த்து நடந்ததை அன்றைக்கே கவனித்து கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் அடித்தோம். பென்சிலின் ஊசி அதிக அளவில், நாள் தவறாமல் போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டது. மாடுகளில் ஒன்று இரண்டு நாள் கழிச்சலாகப் போட்டது, பால் கொஞ்சம் இறங்கியது, அதோடு சரி.

நோய் எப்படி வந்தது என்பதை டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டேன், பிறகு தேடியும் படித்தேன். சைலேஜ் வாங்குகிறவர்கள் இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

மக்காச்சோளத்தை மணி பால் பிடித்து பாதி இறுகிய பருவத்தில் வெட்டி, பொடியாக நறுக்கி, காற்று இல்லாமல் அமுக்கிக் கட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பயிரில் 65 முதல் 70 சதவீதம் ஈரம் இருக்கும். பாலைத் தயிராக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியா அதில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. நன்றாகப் புளித்தால் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் புளிப்பில் கெட்ட பாக்டீரியா வளராது, அதனால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஊறுகாய்ப் புல் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

பையில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும். காற்று கிடைத்ததும் முதலில் ஈஸ்ட் கிளம்பி அந்த லாக்டிக் அமிலத்தையே தின்கிறது. கை வைத்தபோது சூடாக இருந்ததே, அது இதனால்தான். அமிலம் குறைந்தால் புளிப்பு குறைகிறது, பிஎச் 5-ஐத் தாண்டி ஏறுகிறது, பூஞ்சை வருகிறது, கூடவே லிஸ்டீரியாவும் பெருகுகிறது. லிஸ்டீரியா எங்கிருந்தோ வருவதில்லை, மண்ணிலும் சாணியிலும் எப்போதும் இருப்பதுதான். தட்டை தரையோடு ஒட்ட வெட்டும்போது மண்ணோடு சேர்ந்து பேலுக்குள் வந்துவிடும். புளிப்பு சரியாக இருக்கிறவரை அடங்கிக் கிடக்கும், புளிப்பு போனதும் எழும்பும். குளிரும் அதைத் தடுக்காது, ஃபிரிட்ஜ் குளிரிலேயே வளரக்கூடியது.

இதில் நான் ஏமாந்த இடம், பூஞ்சை கண்ணுக்குத் தெரியும், லிஸ்டீரியா தெரியாது என்பதுதான். பூஞ்சை இருக்கும் இடத்தை வழித்து எறிந்தால் நல்லது மிஞ்சும் என்று நினைத்தேன். பூஞ்சை வந்திருக்கிறது என்றாலே அதைச் சுற்றி நிறைய தூரத்துக்குப் புளிப்பு போய்விட்டது என்றுதான் அர்த்தம். விற்றவர் சொன்ன "உள்ளாற இருக்கறது" நல்லதே இல்லை. தின்னும்போது வாயில் தட்டுக் குச்சி குத்தின சின்னக் காயம் இருந்தாலோ, பல் விழுந்து முளைக்கும் வயதாக இருந்தாலோ, அந்த வழியாக நுழைந்து முகத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைத்தண்டு வரைக்கும் போகிறது. ஒரு பக்க நரம்பு வழியாகப் போவதால்தான் ஒரு பக்கக் காது, ஒரு பக்கக் கண், ஒரே பக்கச் சுற்று. அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும் என்பதால் ஆடு விழும்போது நாம் அந்தப் பேலையே மறந்திருப்போம். நானும் டாக்டர் கேட்டிருக்காவிட்டால் நீர்க்கட்டி என்றே முடிவு செய்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த லோடில் மீதி இருந்த பேல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றில் செத்த எலி, நசுங்கிக் காய்ந்து கிடந்தது. எலியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வைக்கலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். டாக்டர் முழுப் பேலையும் புதைக்கச் சொன்னார். செத்த எலி, பாம்பு, பறவை எது உள்ளே இருந்தாலும் அதன் உடலில் பொட்டுலிசம் நஞ்சு உண்டாகலாம், அது சுற்றிலும் ஊறிவிடும். அந்த நஞ்சு ஏறின மாட்டுக்குக் காய்ச்சல் இருக்காது, கால் துவண்டு படுத்துவிடும், நாக்கை வெளியே இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளாது, கடைசியில் மூச்சு நின்றுவிடும். 400 ரூபாய் பேலைக் காப்பாற்றப் போய் 60,000 ரூபாய் மாட்டைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பால் விஷயமும் உண்டு. மாமாவுக்குக் கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிக்கிற பழக்கம், அறுபது வருடப் பழக்கம். அன்றைக்கு நிறுத்தினோம். நாத்தனார் அப்போது ஏழாவது மாதம், எங்களோடு இருந்தாள். இந்தக் கிருமி கர்ப்பிணியைத் தொற்றினால் தாய்க்கு லேசான காய்ச்சல் மாதிரி போகும், ஆனால் குழந்தையையே எடுத்துவிடலாம். பால் மூலமாகவும் வரலாம், கருச்சிதைந்த குட்டியைத் தொட்ட கை மூலமாகவும் வரலாம். பொங்கக் காய்ச்சினால் செத்துவிடும், அதனால் காய்ச்சாத பால் வீட்டுக்குள் வரக்கூடாது, அவள் பட்டிப் பக்கமே போகக்கூடாது என்று ஆனது. செத்த குட்டிகளைக் கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். கனடாவில் 1981-ல் நடந்ததைப் படித்தபோது எனக்குப் பதறிவிட்டது. லிஸ்டீரியா வந்த செம்மறிப் பட்டியின் எருவை முட்டைக்கோசு வயலுக்குப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கோசைக் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்து சாலட் செய்து விற்றதில் 41 பேருக்கு நோய், அதில் 34 கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் சம்பந்தப்பட்டவை. எங்கள் ஆட்டு எருவை அந்த வருடம் கீரைப் பாத்திக்குப் போடவில்லை, தென்னைக்குத்தான் போட்டோம்.

சரி, இப்போது யாரிடம் வாங்குகிறேன் என்று கேட்பீர்கள். மார்கழியிலிருந்து வேறு ஆளிடம் எடுக்கிறேன். கிலோவுக்கு 50 பைசா கூடுதல். முதல் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை, இவர்கள் பெயரையும் எழுதவில்லை, காரணம் இருக்கிறது. முதல் கம்பெனியின் சித்திரை லோடு இவர்கள் லோடை விடவும் நன்றாக இருந்தது. ஒரே கம்பெனியிலேயே எந்த வயலில் வெட்டினது, மழையில் கட்டினதா, எப்படி ஏற்றி இறக்கினார்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. பெயரைப் பார்த்து வாங்கினால் நான் மாட்டின மாதிரியே மாட்டுவீர்கள், பேலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இவர்களிடம் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பேலிலும் கட்டின தேதி ஒட்டியிருக்கிறது, வெளிச் சாக்குக்குள் தடிமனான பிளாஸ்டிக் பை இருக்கிறது, கொக்கி போடாமல் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். பகலில்தான் லாரி வர வேண்டும், கிழிந்ததை நான் எடுக்க மாட்டேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொண்டேன். பங்குனி லோடில் மூன்று பேலைத் திருப்பி அனுப்பினேன், முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். குறை என்றால் சொன்ன நாளுக்கு ஒருபோதும் வருவதில்லை, நான்கைந்து நாள் தள்ளித்தான் வரும், அதனால் ஒரு வாரத் தீவனம் கையிருப்பில் இல்லாமல் இவர்களை நம்ப முடியாது. நறுக்கினதும் சில பேலில் நீளமாக இருக்கிறது, மாடு குச்சியை ஒதுக்கி வைக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். முதல் ஆளுக்கு, சித்திரை லோடை நினைத்து, இரண்டு.

லாரி வந்ததும் நான் செய்வது இதுதான். ஒவ்வொரு பேலையும் சுற்றிக் கை தடவிப் பார்ப்பேன், உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தால் அது வேண்டாம். ஏதாவது ஒன்றைப் பிரித்து முகர்வேன், புளித்த மோர் வாசம் வர வேண்டும், நெய் கெட்ட நாற்றமோ சாராய நெடியோ சாண வாடையோ வரக்கூடாது. பிஎச் பார்க்கும் காகிதச் சுருள் வாங்கி வைத்திருக்கிறேன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு பிடி சைலேஜை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் காகிதத்தை நனைத்தால் நிறம் மாறும், 4-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, 5-ஐக் காட்டினால் அந்தப் பேல் எதற்கும் போகாது. இது பரிசோதனைக்கூட அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பெரிய பண்ணை வைத்திருப்பவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

வைக்கிற இடமும் முக்கியம். கூரைக்கு அடியில், கல் மேல் பலகை போட்டு அடுக்கியிருக்கிறேன், காக்கை கொத்தாமல் வலை கட்டியிருக்கிறேன், ஒரு சின்ன ஓட்டை கண்ணில் பட்டாலும் அந்த நிமிடமே பிளாஸ்டிக் டேப் ஒட்டி, அந்தப் பேலை மறுநாளே பிரித்து வாசம் பார்த்துவிடுவேன். பிரித்த பேலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், அடுத்த நாள் காலைக்கு மேல் வைப்பதில்லை. அதனால் ஐந்து மாடு வைத்திருப்பவர்கள் 500 கிலோ பெரிய உருளையை, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைகிறது என்று தயவுசெய்து வாங்காதீர்கள், தீர்வதற்குள் மேலிருந்து கெட்டுக்கொண்டே வரும். தொட்டியில் மீந்ததையும் அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், இதில் மட்டும் அத்தை எவ்வளவு திட்டினாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆட்டுக்கு இப்போது சைலேஜ் போடுவதே இல்லை. வேலிமசால், அகத்தி, சூபாபுல், கடலைக்கொடி, மழை இல்லாதபோது மேய்ச்சல், அவ்வளவுதான். செம்மறி வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் போட வேண்டிய நிலைமை வந்தால் கிழியாத பேலைப் போடுங்கள், சினை ஆட்டுக்கு மட்டும் வேண்டாம். போட்ட நாளையும் எந்த லோடு என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள், மூன்று வாரம் கழித்து ஒரு ஆடு தலை சாய்த்து நடந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

பிழைத்த பெட்டைக்கு இடது காது இன்னும் தொங்கித்தான் இருக்கிறது. போன வாரம் இரண்டு குட்டி போட்டது, இரண்டும் எழுந்து நன்றாகப் பால் குடிக்கின்றன. இப்போதிருக்கும் லோடில் 14 பேல் மீதி, ஆடிப் பட்டத்துக்கு ஒன்றரை ஏக்கரில் நாங்களே தீவனச் சோளம் விதைக்கப் போகிறோம், அது அறுப்புக்கு வரும்வரை இதே ஆளிடம்தான் வாங்குவேன்.